என் மனைவிக்கு வந்த வெள்ளைப் பூ

பொறாமைப்படுவதற்கு வெளியில் எனக்கு ஆளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. என்னோடு படித்துவிட்டு எனக்கு முன்னால் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டவர், நான் வழி சொல்லிப் போய்ப் பார்த்த கல்லைத் தானே கண்டுபிடித்ததாகச் செய்தித்தாளில் படத்தோடு போட்டுக்கொண்டவர், எந்தக் கருத்தரங்கிலும் முன்வரிசை நாற்காலியைப் பிடித்துவிடுகிறவர் என்று ஒரு கூட்டமே உண்டு. அவர்களை நினைத்துப் புழுங்குவதிலேயே என் நேரம் சரியாக இருந்தது. என் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து வருகிற ஆளைப் பார்த்தும் ஒருநாள் வயிறு எரியும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

நானும் என் மனைவியும் ஒரே வகுப்பில் தமிழ் படித்தவர்கள். மதிப்பெண்ணில் அவள்தான் எப்போதும் மேலே. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கல்யாணம் பண்ணிக்கொண்டேன். அவள் திண்டுக்கல்லிலேயே ஒரு பள்ளியில் தமிழாசிரியை ஆனாள். நான் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, நடுகல் ஆராய்ச்சியில் இறங்கினேன். சண்டையிலோ வேட்டையிலோ உயிரை விட்டவனுக்காக அந்தக் காலத்தில் ஒரு கல்லை நட்டு, அவன் உருவத்தைச் செதுக்கி, அவன் எப்படிச் செத்தான் என்று சில வரிகள் வெட்டி வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நான் அந்தக் கல்லைத் தேடிக் கிளம்பிவிடுவேன். வடமதுரைப் பக்கம், வத்தலக்குண்டுப் பக்கம், சிறுமலை அடிவாரம் என்று சுற்றாத காடு இல்லை.

அவளும் வருவாள். கல்லைக் கழுவத் தண்ணீர் வேண்டும். பைக்கில் தண்ணீர்க் கேனைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நான் இறங்கிப் போய்க் கல்லின் முன் மண்டியிட்டு உட்காருவேன். அவள் வரப்பில் கேனோடு நிற்பாள். "தண்ணி" என்று நான் கையை நீட்டினால் கொண்டுவந்து ஊற்றிவிட்டு மறுபடி வரப்புக்குப் போய்விடுவாள். கூட்டமாக நின்றால் நிழல் கல்லில் விழுந்து கெடுத்துவிடும், வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் எழுத்துத் தெரியும் என்று நான்தான் அப்படிப் பழக்கியிருந்தேன்.

ஆய்வேடு முடிவதற்கு முன்பே நன்றியுரையை எழுதி வைத்துவிட்டேன். எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. "களப்பணிகளில் உடன் வந்து, தண்ணீர் சுமந்து உதவிய என் துணைவியாருக்கு என் அன்பு" என்று ஒரு வரி. எனக்கு அந்த வரி மிகவும் பிடித்திருந்தது. அவளிடம் வாசித்துக் காட்டினேன். "நல்லாருக்கு" என்றாள்.

நான்கு இயல்கள் முடிந்து ஐந்தாவதில் வண்டி நின்றுபோனது. அந்த இயல் முழுவதும் வடமதுரையிலிருந்து உள்ளே தள்ளி, கடலைக்காட்டுக்கு நடுவில் நிற்கும் ஒரே ஒரு கல்லை நம்பியிருந்தது. வில்லோடு நிற்கும் வீரன், அவன் காலடியில் ஒரு நாலுகால் விலங்கு, அதற்குக் கீழே எழுத்துகள். மாட்டைக் கவர்ந்துபோனவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன் இவன் என்று நான் முடிவு கட்டி, பக்கம் பக்கமாக எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் அந்தக் கல் ஒரு பங்காளிக் கூட்டத்தின் குலசாமி. தலைமுறை தலைமுறையாக எண்ணெய் ஊற்றி, சந்தனம் அப்பி, திருநீறு பூசி, எழுத்தெல்லாம் அதற்குள் புதைந்து கிடந்தது. மேலே தெரிந்தது அரையும் குறையுமாகச் சில எழுத்துகள்தான். என் நெறியாளர் கறாராகச் சொல்லிவிட்டார், மைப்படி இல்லாமல் இந்த இயலை ஏற்க முடியாது என்று. கல்லைச் சுத்தமாகக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷால் தட்டி, துணிப்பந்தில் மை தொட்டு ஒற்றி எடுப்பதுதான் மைப்படி. அது கிடைத்தால் பட்டம், கிடைக்காவிட்டால் அந்த முன்வரிசை நாற்காலிக்காரர்களைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டே காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

பங்காளிகள் மறுக்கவில்லை. ஆனால் சாமியைத் தேய்த்துக் கழுவுவதற்குச் சாமியிடமே உத்தரவு வாங்க வேண்டும் என்றார்கள். அதற்குப் பூக் கேட்க வேண்டும். செவ்வரளியை ஒரு பொட்டலமாகவும் வெள்ளரளியை ஒரு பொட்டலமாகவும் வாழையிலையில் மடித்து, நாரால் கட்டி, கல்லின் முன் உருட்டிவிடுவார்கள். அந்த வீட்டுப் பெண்குழந்தை ஒன்று வந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் பேச்சே கிடையாது.

பூசாரி என் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொல்லி, "இந்தச் சாரு ஒன்னையக் கழுவிப் படி எடுக்கணுங்குறாரு. குடுக்குறியாப்பா?" என்று கேட்டார். சிவப்பு வந்தது. சில மாதம் பொறுத்து மறுபடியும் போனேன். மறுபடியும் சிவப்பு. இந்தப் பூக் கேட்கும் வழக்கத்தைப் பற்றி வகுப்பில் நான் அருமையாகப் பாடம் எடுத்திருக்கிறேன். ஒருவருக்கொருவர் முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்லாமல் இருக்கச் சமூகம் கண்டுபிடித்த ஏற்பாடு இது என்றெல்லாம் விளக்கியிருக்கிறேன். சிவப்பு அரளி என் கையில் வந்தபோது அந்த விளக்கம் ஒன்றும் உதவவில்லை. சாமிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றுதான் தோன்றியது.

"இனிமே நீங்க கேக்கக் கூடாது சார். வேற யாராச்சும் கேட்டாக் கேக்கலாம்" என்றார் பூசாரி.

வரப்பில் கேனோடு நின்ற என் மனைவி, "நான் வேணாக் கேக்கவா?" என்றாள்.

"கேட்டுட்டு வா, போ" என்றேன் தாராளமாக. அவளுக்கும் சிவப்புத்தான் வரும் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அங்கே பெண்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. "மனசுல நெனச்சுக்க தாயி. அது போதும் அவனுக்கு" என்றார் பூசாரி. அவள் வெற்றிலை பாக்கை வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். குழந்தை வந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. நாரை அவிழ்த்தால் வெள்ளை.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டு, பேண்டை மடித்துவிட்டு, தாள்சுருளும் மையும் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு கல்லை நோக்கி நடந்தேன். பூசாரி கையை நீட்டி மறித்தார்.

"சார், நீங்க எங்க போறீங்க? உத்தரவு தாயிக்குல்ல வந்துருக்கு. நீங்க வரப்புக்கு அங்கிட்டு நில்லுங்க."

நான் என் மனைவியைப் பார்த்தேன். இவர்தான் ஆராய்ச்சி பண்ணுகிறவர், நான் சும்மா கூட வந்தவள் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள். பிறகு கல்லைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக வரப்பில் நின்றேன். சாமிக்குச் சோப்பு ஆகாது என்று அந்த வீட்டுப் பெண்கள் சீயக்காயும் வெந்நீரும் கொண்டுவந்தார்கள். அவளும் அவர்களுமாகச் சேர்ந்து தேய்த்தார்கள். கறுப்பாக எண்ணெய் வழிந்து வழிந்து ஓடியது. எனக்கு அங்கிருந்து கல் தெரியவில்லை, அவள் முதுகுதான் தெரிந்தது. "மெல்ல! அழுத்தித் தேய்க்காத! எழுத்து போயிரும்!" என்று கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திடீரென்று அவள் திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஏங்க! இது மாடு இல்லங்க, பன்னி!" என்றாள்.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். பங்காளிகளில் ஒருவர், "அந்தக் காலத்துலயே கடலைக்காட்டுல பன்னிதானா? இன்னைக்கும் விடமாட்டேங்குதே சார்" என்று என்னிடம் ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார். மாட்டுக்காக நான் எழுதி வைத்திருந்த பக்கங்களெல்லாம் அந்த வரப்பிலேயே செத்துப்போயின.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் எடுத்த மைப்படியைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் முதன்முதலில் எடுத்த படி உடைந்த அப்பளம் மாதிரி வந்தது. அவள் எடுத்ததில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கிழிசல் இல்லை. வரப்பிலிருந்து நான் சொல்லிக்கொடுத்துத்தான் எடுத்தாள் என்று வீடு வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். உண்மையில் நான் சொன்ன எதையும் அவள் கேட்கவில்லை. இத்தனை நாள் பார்த்துக்கொண்டே நின்றதில் எல்லாம் அவளுக்குப் பாடமாகியிருந்தது.

நாகல்நகரில் நாங்கள் குடியிருந்த மாடிவீட்டின் கூடத்தில் அந்தத் தாளை விரித்துப் போட்டு, இரண்டு பேரும் முழங்காலிட்டு உட்கார்ந்தோம். நான் இரண்டாவது வரியில் தடுமாறிக்கொண்டிருக்கும்போது அவள் கடைசி வரிக்குப் போய்விட்டாள். தன் கொல்லையில் விளைந்ததைக் காக்கப் போய்ப் பன்றி குத்திச் செத்தவன் என்று கடகடவென்று படித்துச் சொன்னாள். நான் ஒரு வாரம் முட்டி மோதினேன். அவள் படித்ததுதான் சரி.

நெறியாளர் அந்தப் படியைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு நல்ல கண்ணு" என்றார். அதோடு விட்டிருக்கலாம். படி எடுத்ததும் படித்ததும் அவர்தான், அதனால் முதலில் அவர் பெயரில் கட்டுரை வரட்டும், நீங்கள் அதை மேற்கோள் காட்டி உங்கள் இயலைத் திருத்தி எழுதுங்கள் என்றார். என் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் என் பெண்டாட்டியை நான் மேற்கோள் காட்ட வேண்டும்!

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் எனக்கு நரகம். விஷயம் எப்படியோ பரவி, நிருபர் ஒருவர் அவள் பள்ளிக்கே போய்ப் படம் எடுத்தார். பழனியிலிருந்து யாரோ போன் பண்ணி, "ஏனுங்க, டீச்சர் இருக்காங்களா? எங்க தோட்டத்துல ஒரு கல்லு கெடக்குதுங்க" என்றார்கள். நானும் கல் பார்ப்பவன்தான் என்றேன். "இருக்கட்டுங்க, டீச்சர் வரட்டுங்க" என்று வைத்துவிட்டார்கள். டீக்கடையில் புதிதாக ஒருவர், "டீச்சரம்மா வீட்டுக்காரரா நீங்க?" என்று கேட்டபோது டீ இறங்கவில்லை. அவள் என் பூதக்கண்ணாடியை எடுத்துப் பயன்படுத்துகிறாள் என்று அதை ஒளித்துவைத்தேன். அவள் செல்போனில் படம்பிடித்துப் பெரிதாக்கிப் படித்தாள். எனக்கு அந்த வழி தோன்றவே இல்லையே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

கடைசியில் கட்டுரை அச்சாகி வந்தது. அவள் சமையலறையில் இருக்கும்போது எடுத்துப் படித்தேன். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் படித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. முடிவில் நன்றி என்று ஒரு வரி இருந்தது. "களப்பணியில் உடன் வந்து, வரப்பில் நின்று உதவிய என் கணவருக்கு என் அன்பு."

அன்று சாயங்காலம் அவள் கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இதழை அவள் முன் தூக்கிப் போட்டேன்.

"சாமி ஒனக்குக் குடுத்துருச்சுன்னா நான் ஒண்ணுமில்லாதவனா ஆயிருவேனா?"

அவள் நிமிரவில்லை. "சாமி எனக்கு எங்க குடுத்துச்சு?"

"வெள்ளப் பூ ஒனக்குத்தான வந்துச்சு?"

"நான் எனக்கா கேட்டேன்? இவரு படி எடுத்து முடிக்கணும், இவருக்கு வழி விடுப்பான்னுதான் நெனச்சேன். அதுக்குத்தான் வெள்ள வந்துச்சு. ஒங்களுக்குத்தான் வந்துச்சு."

அந்த வெள்ளைப் பூ என்னுடையது. அந்தக் கல், அந்தப் படி, அந்தப் பன்றி, எல்லாமே எனக்கு உத்தரவானது. "அப்ப அதப் பூசாரிகிட்டச் சொல்ல வேண்டியதுதான?" என்று கத்தினேன்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். கல்லு முன்னால இருந்துச்சு." அவள் பேனாவை மூடி வைத்தாள். "எனக்கும் ஒருக்காத் தொட்டுப் பாக்கணும்போல இருந்துச்சு. சொல்லல."

"அது எவ்வளவு பெரிய..."

"ஒரே ஒரு நாள் வரப்புல நின்னீங்க. அதுக்கே இம்புட்டு எரிச்சல் வருதுல்ல?" அப்போதுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இத்தன வருசமும் அங்க நின்னது யாரு? எனக்கு எரிஞ்சிருக்காதா?"

மறுபடி பேனாவைத் திறந்து திருத்த ஆரம்பித்துவிட்டாள். நான் போய் மொட்டைமாடியில் நின்றேன். மலைக்கோட்டைப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கும் எரிந்திருக்கிறது. நான் "தண்ணி" என்று கை நீட்டிய ஒவ்வொரு தடவையும் எரிந்துகொண்டேதான் ஊற்றியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் கண்ணை மூடி எனக்காகக் கேட்டிருக்கிறாள். நானாக இருந்தால் அவளுக்காகக் கேட்டிருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அதிலும் அவள்தான் மேலே என்பது கூடுதலாக உறுத்தியது.

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் சாப்பாடு, பால், கரண்ட் பில் தவிர வேறெதுவும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பைக்கை எடுத்தேன். அவள் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து பின்னால் ஏறிக்கொண்டாள்.

வத்தலக்குண்டுக்குப் போகும் வழியில், ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில், புதருக்குள் கிடந்தது அந்தக் கல். யாரும் கும்பிடாத கல். எண்ணெயில்லை, சந்தனமில்லை, பூக் கேட்கப் பூசாரியும் இல்லை. காலை வெயில் சாய்வாக விழுந்து, மேல்வரி எழுத்துகள் வரப்பிலிருந்தே தெரிந்தன. பைக்கை நிறுத்தினேன். அவள் இறங்கிக் கேனைக் கீழே வைத்தாள். பிரஷ் பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

யார் கல்லிடம் போவது, யார் வரப்பில் நிற்பது என்று சொல்ல அங்கே சாமி இல்லை. அவளும் கேனைத் தூக்கவில்லை, நானும் தூக்கவில்லை.