நீலம் பிடித்த துணி

போன ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் ஒரு சலூனை விட்டு வேகமாக நடந்துகொண்டிருந்தேன். மீசையில் இடது பாதி கறுப்பு, வலது பாதி வெள்ளை. "அரே அண்ணா, பாதியில எங்க போறீங்க?" என்று சலூன்காரர் பின்னால் கத்துகிறார். என்னவென்று சொல்வது? சாயம் கலக்கும்போது எழுந்த அமோனியா நெடி மூக்கில் ஏறியது, அதற்குமேல் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எதிரே வந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் அதற்குள் நினைப்பில் செம்பூருக்குப் போய்விட்டிருந்தேன். மோனோ ரயிலுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த காலத்துச் செம்பூர்.

எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எல்லா வேலையும் ஒன்றுதான். இட்லி மாவு அரைத்தேன், தோல் பை தைத்தேன், பாண்டுப்பில் லாரிகளுக்கு கிரீஸ் போட்டேன். எதிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. அப்புறம் செம்பூரில் லைசன்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிப் பழுதுக்கடை. ரைஃபிள் குழல்களைச் சுத்தம் செய்யவேண்டும். சேர்த்துவிட்டவர் சுடலையண்ணன். தாராவியில் நானும் அவரும் ஒரே அறை. டிராம்பே பக்கம் ஒரு கிடங்கு வாசலில் காவல் நின்றார். ரைஃபிளும் லைசன்ஸும் அவருடையவை. துப்பாக்கி உள்ள காவலாளிக்குத்தான் அந்த மாதிரி இடம் கிடைக்கும், இல்லாதவனுக்குக் கம்பு. ஊரில் மனைவி கழுத்தில் இருந்ததை விற்று வாங்கிய ரைஃபிள் அது. மழை பெய்தால் தன் சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்துவார்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தோட்டாவின் மேலுறையில் செம்பு இருக்கும். சுடும்போது குழலுக்குள்ளே உள்ள பள்ளவரிகளில் அது மெல்லிசாக ஒட்டிக்கொள்ளும். நாள்பட்டால் குறி தப்பும். எண்ணெய்க்கு அசையாது. அமோனியா மருந்தில் நனைத்த துணியைக் கம்பி முனையில் மாட்டி உள்ளே தள்ளி, சற்று ஊறவிட்டு, மறுபடி துணி விட்டால் நீலமாக வெளியே வரும். கரைந்த செம்பின் நீலம். வெள்ளையாக வரும்வரை தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். எனக்குப் பிடித்த ஒரே வேலை அதுதான். துணி பொய் சொல்லாது என்று நினைத்தேன்.

செம்பு எடுக்கும்போது கம்பியில் பிளாஸ்டிக் முனையைத்தான் மாட்டவேண்டும் என்பது கடைக்காரர் சேட்டின் கட்டளை. காரணம் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. ஒரு நாள் அதைத் தெரியாமல் மிதித்து உடைத்துவிட்டேன். சேட் சூரத் போயிருந்தார். சத்தம் காட்டாமல் பித்தளை முனை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை சுடலையண்ணனை ரைஃபிளோடு கூட்டிக்கொண்டு, அவர் வேலை பார்த்த காவல் கம்பெனியின் மணி சார் கடைக்கு வந்தார். கிடங்கின் பின்பக்கத் தகரச் சுவரில் குண்டு துளைத்த ஓட்டை. தோட்டா எண்ணிக்கை சரியாக இருந்தது. வெளியே வாங்கிச் சுட்டிருப்பான் என்றார் மணி சார்.

"ரெண்டு மாசம் முன்னாடி நீதானே சுத்தம் பண்ணினே? வெள்ளையா வந்துதோ?"

"வந்துது சார்."

"இப்போ போட்டுப் பாரு. ஒண்ணும் மறைக்கப்படாது."

முதலில் காய்ந்த துணியை விட்டேன். பழைய எண்ணெய் மட்டும் வந்தது, சுட்டால் படியும் கரியே இல்லை. அங்கேயே நிறுத்தி யோசித்திருக்கவேண்டும். ஆனால் பெரிய மனிதர் ஒருவர் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பது அதுவே முதல் தடவை. மருந்து விட்டேன். துணி நீலமாக வந்தது.

"சுட்டிருக்கு சார்" என்றேன், டாக்டர் மாதிரி.

சுடலையண்ணன் துணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏலே, நல்லா பாருலே" என்றார். அவ்வளவுதான். ரைஃபிளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க மணி சார் அவரைக் கூட்டிப்போனார்.

மத்தியானம் கம்பியின் பித்தளை முனையைத் துடைக்கும்போது துணியில் நீலம். திரும்பத் துடைத்தேன், திரும்பவும் நீலம். அலமாரியில் ஒருமுறைகூடச் சுடாத புதுக் குழல் ஒன்று இருந்தது. மருந்துத் துணியை அதே முனையில் மாட்டி அதற்குள் விட்டேன். அதுவும் நீலம். பித்தளையிலும் செம்பு இருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கடையைப் பூட்டிவிட்டு சயானில் இருந்த கம்பெனி ஆபீசுக்கு ஓடினேன். மணி சார் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"காலம்பற சொன்னது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா? நீ அவனோட ஒரே ரூம்லதானே இருக்கே?"

பையிலிருந்த பித்தளை முனையை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன்.

"அவனை நிறுத்தி லெட்டர் போயாச்சுப்பா. நாளைக்கு அந்த கேட்டுக்கு ஆள் இல்லே. துப்பாக்கி ஆள் கிடைக்கறவரைக்கும் கம்பு பிடிக்கறியா?" கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது.

அறையில் சுடலையண்ணன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

"நீ சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துட்டுலே. அசதியில கண்ணசந்தப்ப சுட்டுட்டமோன்னு" என்றார். கேட் வேலையைப் பற்றியும் சொன்னேன். பெட்டியை மூடினார். "போ. யாராச்சும் நிக்கத்தான செய்யணும். ஆனா ஏலே, அங்க நிக்கையில முதுகுப் பக்கம் பாத்துக்கோ."

அவர் ஊர்ப்பக்கம் ரயில் ஏறினார். ரைஃபிள் திரும்பி வந்ததா, தெரியாது. ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. சேட்டின் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. கிடங்கு நின்ற இடத்தில் இருபது மாடி. வாசலில் நிற்கும் பையனிடம் கம்புகூட இல்லை, விசில்தான். தாராவி அறையை இடித்தாகிவிட்டது. மீதி இருப்பது என் மூக்கில் உள்ள நெடி மட்டும்.

அவர் பெட்டியை மூடியதற்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு, சுடலையண்ணன் நின்ற இடத்தில் கம்போடு நின்றேன். வேலை சுலபம்: லாரி வந்தால் கேட்டைத் திறக்கவேண்டும், போனால் மூடவேண்டும். பதினொரு மணிக்கு ஓய்ந்தது. கிடங்குக்குள் பின்பக்கம் போய் அந்த ஓட்டையில் விரலை வைத்தேன். விரல் கிழிந்தது. தகரத்தின் விளிம்புகள் எங்கள் பக்கமாகப் பிதுங்கி நின்றன. குண்டு இங்கிருந்து போகவில்லை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இங்கே வந்திருக்கிறது. கண்ணை வைத்துப் பார்த்தேன். பக்கத்துக் கிடங்கு இருட்டாக இருந்தது. உள்ளே யாரோ நகர்ந்தார்கள்.

முன்வாசலில் லாரி ஹாரன் அடித்தது. நான் போய் கேட்டைத் திறந்தேன்.