வெளுத்த சிறகு

ஆரணியில் என் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது. சாயப்பட்டறைக் கொடியில் ஈரப் பட்டுநூல் ஆடுகிறது. அதன் நிறங்கள் வெயிலில் கரைவதுபோல் இருக்கின்றன. வேலியோர எருக்கம்பூவில் ஒரு வண்ணத்துப்பூச்சி. ஆரஞ்சாக இருக்கவேண்டிய பின்சிறகுகள் வெள்ளையாக இருக்கின்றன.

நூல் உதறும் பெண் பதறுகிறார். "ஐயோ, நூல் வெளுக்குற நம்ம சோடாத் தண்ணி தெறிச்சு வெளுத்துடுச்சுங்க!" அதைக் கழுவிவிட ஒரு மக்கில் தண்ணீரோடு வருகிறார்.

"ஊத்தாதீங்கம்மா. ரெண்டு பக்கமும் ஒரே அளவா வெளுத்திருக்கு பாருங்க. தெறிச்சா இப்படி ஆகாது. இது பிறவி நிறம்."

"பேஜாராயிட்டேன், போங்க! வேற எங்கனா பாத்திருக்கீங்களா?"

"ஒண்ணு பாத்தேன். கொன்னு, ஊசி குத்தி, பெட்டியில வச்சேன்."

"எதுக்குங்க?"

"அந்த மாதிரி வேற இல்லையேன்னுதான்."

அவர் மக்கைக் கீழே வைத்துவிட்டு, எனக்கும் பூவுக்கும் நடுவில் வந்து நிற்கிறார்.

"பஸ் வந்துடும். நீங்க கெளம்புங்க."