சிரித்ததாக ஒரு கடிதம்

தாய்லாந்தின் ஹுவாஹினில் கடலைப் பார்த்த ஓர் ஓட்டலில் பத்தொன்பது வருஷமாக அறை சுத்தம் செய்பவள் பிரனோம். அந்த வியாழக்கிழமை காலை, அவள் எழுதாத ஒரு கடிதத்தை அவள் முன்னால் வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

"படிக்கணும்னு அவசியமில்ல அக்கா. நானே நல்லா எழுதியிருக்கேன்," என்றாள் நிர்வாக அலுவலர் சுதாரத். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. ஆஸ்திரேலியாவில் படித்தவள்.

பிரனோம் படித்தாள். விரலை வைத்து, மெதுவாக, ஆங்கிலத்தில். மூன்றாவது வரியில் விரல் நின்றது. உங்களைப் பார்த்து நான் சிரித்ததற்காக வருந்துகிறேன்.

"நான் சிரிக்கல மேடம்."

"அவர் அப்படித்தான் புகார் குடுத்திருக்கார். பரவாயில்ல, விடுங்க. ஒரு கையெழுத்து. சூப்பர்வைசர் வேலைக்கு உங்க பேர்தான் முதல்ல இருக்கு. இதால ஏன் கெடுத்துக்கணும்?"

நாளைக்குள் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு பிரனோம் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். பரவாயில்லை என்ற சொல்லை அன்று யார் சொன்னாலும் அறையலாம் போலிருந்தது.

நடந்தது இதுதான். மூன்றாம் மாடியில் தங்கியிருந்த வெள்ளைக்காரக் கிழவர், இறந்துபோன மனைவியின் பட்டுச் சால்வையைக் குளியலறைக் கதவில் போட்டிருந்தார். ஈரத் துண்டுகளோடு அதையும் சுருட்டிச் சலவைக்குப் போட்டவள் பிரனோம்தான். சாயம் போய்க் கந்தலாகத் திரும்பி வந்தது. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அவள் தானே கொண்டுபோனாள். மன்னிக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் வந்தது. அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதற்கு ஆங்கிலம் வரவில்லை. முகம் மட்டும் தானாக விரிந்தது. பஸ்ஸில் அடுத்தவர் காலை மிதித்தாலும், அதிகாரி முன்னால் தட்டைப் போட்டு உடைத்தாலும் ஊரில் எல்லோர் முகத்திலும் வருகிற அதே அசட்டு இளிப்புதான். தாய்லாந்துக்காரன் யாராவது பார்த்திருந்தால், ஐயோ பாவம், கூனிக் குறுகிப் போய்விட்டாள் என்றிருப்பான். கிழவர், "ஏன் சிரிக்கிறாய்?" என்று கத்தினார். அவர் கத்தக் கத்த அது இன்னும் விரிந்தது.

சாயங்காலம் வீட்டில், கல்லூரியில் ஆங்கிலம் படிக்கும் மகள் மின்ட்டிடம் கடிதத்தைக் காட்டினாள்.

"எழுத்து சூப்பரா இருக்கும்மா. ஒரு தப்புகூட இல்ல."

"மூணாவது வரி பொய்யி."

"நீ வேற எழுதப் போறியா? உன் இங்கிலீஷ்லயா? அதைப் படிச்சா நிஜமாவே சிரிப்பாங்க."

அடுப்பில் மீன் வறுத்துக்கொண்டிருந்த கணவன் வினாய் திரும்பாமலே சொன்னான்: "போட்டுத் தொலையேன். யார் படிக்கப் போறா அதை?"

"நான் படிச்சேனே!" என்று பிரனோம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அவள் பக்கத்து ஊரான பிரான்புரியில் அன்னாசித் தோட்டக் கூலிகளின் மகளாகப் பிறந்தவள். ஒன்பது வருஷம் பள்ளியில் ஆங்கிலம் படித்தாள். வகுப்பில் ஐம்பது பேர். வாத்தியார் ஆங்கிலம் பேசப் பயந்து தாய்லாந்து மொழியிலேயே ஆங்கிலப் பாடம் நடத்துவார். காலையில் எல்லோரும் எழுந்து நின்று, நாங்கள் நலம், நீங்கள் நலமா என்று ஆங்கிலத்தில் ஒரே ராகமாக இழுத்தால் அன்றைய பேச்சுப் பயிற்சி முடிந்தது. ஒரு நாள் பிரனோம், வானொலியில் கேட்டபடியே ஒரு வரியைத் திருத்தமாகச் சொல்லிவிட்டாள். "வந்துட்டாடா வெள்ளைக்காரி! பந்தாவப் பாரு!" என்று வகுப்பே ஊளையிட்டது. வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து தெரிந்ததையும் தெரியாத மாதிரியே பேசப் பழகினாள். பரீட்சையில் நான்கு விடை கொடுப்பார்கள், ஒன்றை வட்டமிட வேண்டும். அந்த ஒன்பது வருஷத்தில் ஒருவரும் அவளிடம், உன் மனசில் இருப்பதை ஒரு வரி எழுது என்று சொன்னதில்லை.

இப்போது நாற்பத்தாறு வயதில், மன்னிப்புக் கடிதம் வேண்டும் என்கிறார்கள். அவளுக்காக இன்னொருத்தி எழுதியும் விட்டாள்.

மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். மின்ட் போனை நீட்டி, "இதுல நம்ம தாய் பாஷைல பேசு, அதுவே மாத்திக் குடுத்துடும்," என்றாள். "வேணாம். ஏற்கெனவே ஒருத்தி மாத்திக் குடுத்தது போதும்," என்றாள் பிரனோம். நான்கு தாள்கள் கசங்கின. ஐந்தாவதில் இவ்வளவு நின்றது: சால்வையை நான் கெடுத்தேன். என் தப்பு. நான் சிரிக்கவில்லை. வெட்கம், பயம், வரும்போது எங்கள் ஆட்கள் முகம் இப்படி. உள்ளே அழுகை. உங்கள் மனைவி சால்வை என்று பிறகு தெரிந்தது. இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. பிரனோம், மூன்றாம் மாடி.

மின்ட் எட்டிப் பார்த்தாள். திருத்தக் கை நீட்டினாள். அம்மாவின் கண்ணைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பிரனோம் யாரையும் கேட்காமல் அந்தக் கதவைத் தட்டினாள். கிழவர் வாசலிலேயே நின்று தாளை இரண்டு முறை படித்தார்.

"அப்போ நீ சிரிக்கவில்லையா?"

"இல்லை, சார்." முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு சொல்வதற்குள் அவள் தாடை வலித்தது.

அவர் தலையை ஆட்டினார். தாளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அவ்வளவுதான்.

பதினொரு மணிக்குள் சுதாரத் கூப்பிட்டுவிட்டாள். "யாரைக் கேட்டுக் குடுத்தீங்க? அவர் காட்டினார், வரிக்கு வரி தப்பு! ஓட்டல் மானம் என்ன ஆவுறது?"

"அவருக்குப் புரிஞ்சுது மேடம்."

"புகாரை வாபஸ் வாங்கிட்டார், சரி. ஆனா ஃபைலுக்கு ஒரு கடிதம் வேணும். இதுல போடுங்க." மேஜையில் அதே கடிதத்தின் புதுப் பிரதி.

"நான் சிரிக்கலன்னு அவரே ஒத்துக்கிட்டார். அப்புறம் ஃபைலுக்கு எதுக்கு நான் சிரிக்கணும்?"

"அக்கா, பிடிவாதம் பண்ணினா சூப்பர்வைசர் லிஸ்ட்ல உங்க பேர் இருக்காது."

இந்த இடத்தில் யாராக இருந்தாலும் கைகூப்பி, பரவாயில்லை என்றிருப்பார்கள். பிரனோம் பேனாவை எடுத்தாள். மூன்றாவது வரியின் மேல் தாள் கிழியும் அளவுக்குக் கோடு இழுத்தாள். அதன்பிறகே கீழே கையெழுத்துப் போட்டாள்.

"ஃபைல்ல இதை வைங்க. லிஸ்ட்ல இருந்து நானா விலக மாட்டேன். எடுக்கணும்னா காரணத்தை எழுதிக் குடுங்க. தாய் பாஷைலயே எழுதுங்க, ரெண்டு பேருக்கும் சுலபம்."

 சுதாரத்தின் உதட்டோரம் மெல்ல விரிந்தது. பிரனோம் அதைப் பார்த்தாள், அது சிரிப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கோபம் ஆறவில்லை. கதவை ஓங்கிச் சாத்திவிட்டு மாடி ஏறினாள்.