அப்பா கட்டிய படி

அன்று பூங்கா வாசலில் நின்றவர்கள் மூன்று பேர்: நான், அப்பா, அங்கே காவலுக்கு நிற்கும் சிவா அண்ணை. அம்மா வரவில்லை. "பிள்ளை விழுறதை என்னாலை பாக்கேலாது" என்று கொக்குவில் வீட்டிலேயே நின்றுவிட்டார்.

எனக்கு வந்தது கில்லன்-பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்). ஒரு நாள் காலை, செருப்பு கழன்றதுகூடக் காலுக்குத் தெரியவில்லை. நாலாம் நாள் எழும்ப முடியவில்லை. ஐந்து மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வோக்கரோடு (பிடித்து நடக்கும் நாலுகால் சட்டம்) வீடு வந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்த இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் நோயைவிடப் பெரிதாக இருந்தது.

"ஐம்பது மீற்றர் ஒருத்தரும் பிடிக்காமல் நடந்து காட்டும். பிறகு கம்பஸ் போறதைக் கதைப்பம்" என்றார் டொக்டர்.

பூங்கா வாசலிலிருந்து வேப்பமரத்தடி வாங்கு (நீள இருக்கை) வரை ஏறக்குறைய அவ்வளவு தூரம். வீட்டு முற்றத்தில் பழகிவிட்டுத்தான் போனேன். வாசலில் ஒரு படி இருந்தது நினைவிலேயே இல்லை. முன்பெல்லாம் ஓடி ஏறிய கால்கள் அதைக் கவனித்ததில்லை.

வோக்கரை மேலே வைத்தேன். வலது கால் ஏறியது. இடது முழங்கால் மடிந்தது. அப்பா தூக்க வந்தார்.

"விடுங்கோ அப்பா. தூக்கினால் அது நடந்த கணக்கில்லை."

மூன்றாம் தரமும் முடியாமல் படியிலேயே இருந்துவிட்டேன்.

"மேசனார், உது உங்கடை கைவேலைதானே?" என்று கொத்தனாரான அப்பாவைப் பார்த்துச் சிரித்தார் சிவா அண்ணை. "மோட்டச்சைக்கிள் ஏறக்கூடாது எண்டு உயத்திக் கட்டினியள்."

"ஓம். இண்டைவரைக்கும் ஒண்டும் ஏறேல்லையே" என்று பெருமையோடு தொடங்கிய அப்பா, என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். குனிந்து படியைச் சாணால் அளந்தார்.

அடுத்த கிழமை பிரதேச சபையில் கேட்டு, படியை உடைத்துச் சரிவு போட்டார்.

"இனிப் பெடியள் மோட்டச்சைக்கிளோடை உள்ளுக்கை வருவாங்கள்" என்றார் சிவா அண்ணை.

"வந்தால் பிடி. உனக்கும் ஒரு வேலை வேணுமெல்லே."

நான் அன்றே நடக்கப் பார்த்தேன். அப்பா விடவில்லை. "ஏழு நாள் தண்ணி ஊத்தவேணும். அவசரப்பட்டால் வெடிச்சுப்போடும்." நரம்பு ஆறக் காலம் எடுக்கும் என்று டொக்டர் எத்தனையோ தரம் சொல்லியும் மண்டையில் ஏறாதது, ஈரச் சீமெந்தைப் பார்த்தபோது ஏறியது.

எட்டாம் நாள் அம்மாவும் வந்தார். வாங்குக்குப் போய்ச் சேர ஒன்பது நிமிடம். ஒருவரும் பிடிக்கவில்லை. டொக்டர் கம்பஸுக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தூரத்தை மட்டும் அளக்காதீர்கள், வாசலையும் யாரையாவது ஒருதரம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு இப்போது ஒரு வீதி என்பது அதன் மேடுபள்ளங்கள்தான். ஒரு மணித்தியாலம் என்பது எத்தனை தரம் இருந்து எழும்பலாம் என்பது.

சரிவுக்குச் சீமெந்து, மணல், கல் எல்லாமாக நாலாயிரத்து இருநூறு ரூபாய். தன் கூலியை அப்பா சேர்க்கவில்லை.