சுவரில் ஒரு நீலக் குடம்

மேம்பாலத் தூணுக்கு அடிக்கிற பெயிண்ட் வாசனையில், ரோட்டுக்காக இடித்துவிட்ட எங்கள் காலடிப்பேட்டை வீட்டுச் சுவர் இன்று கண்முன் வந்து நின்றது. எங்களுக்குக் கடிகாரம் அதுதான். மாமா படகுக்கு அடித்து மிஞ்சிய நீல பெயிண்டில் அம்மா அதில் மீன், குடம், சோற்றுப்பானை என்று வரைந்திருந்தாள். கூரைக் கம்பியின் நிழல் மீனைத் தொட்டால் ஏலத்துக்குக் கூடையெடுப்பாள், குடத்தைத் தொட்டால் குழாயடிக்கு ஓடுவாள், பானையைத் தொட்டால் ஆலைச் சங்கு ஊதி அப்பா வருமுன் சோறு வடிப்பாள், மார்கழியில் நிழல் விலகினால் அலுத்துக்கொண்டே எல்லாவற்றையும் தள்ளி வரைவாள். ஒருநாள் எதிரே கன்டெய்னர்களை அடுக்கியதும் சுவர் முழுக்க நிழல் விழுந்தது.

"இன்னாமே, எல்லா வேலையும் ஒண்ணா வந்துகீது?" என்று அப்பா சிரித்தார்.

"என்னிக்கி தனித்தனியா வந்துச்சு?" என்றபடி அம்மா குடத்தை எடுத்தாள்.