பத்துத் தாள்களும் ஒரு மாடும்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை, பின்னோக்கி நடந்துகொண்டிருந்த இரண்டு எருதுகள். வடகரப்பதியில் என் மாமாவின் கிணற்றடி அது. எருதுகள் பின்வாங்கினால் தோல் சால் கிணற்றுக்குள் இறங்கும். முன்னே இழுத்தால் நீரோடு மேலே வரும்.

நான் பி.ஏ.யில் தத்துவம் எடுத்திருந்தேன். அதில் உளநூல் ஒரு பாடம். பேராசிரியர் விடுமுறைக்கு வேலை தந்திருந்தார்: எழுத்தறியாத பத்துப் பேரிடம், 'மாடு என்றதும் மனத்தில் என்ன தோன்றுகிறது?' என்று கேட்டு, சொன்னபடியே எழுதி வர வேண்டும். தோன்றுவது உருவமா, நிறமா, வெறும் சொல்தானா என்று அவர் அறிய விரும்பினார். கேள்வியை விளக்கக் கூடாது. விளக்கினால் விடை கெட்டுவிடுமாம். திங்கட்கிழமை சரியான விடைகள் சேராவிட்டால் பரீட்சை விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து விழாது. அன்று சனிக்கிழமை.

மாமாவிடம் கேட்டேன்.

"எந்த மாடு? உங்கூட்டுச் செவலையா, எங்கூட்டு மயிலையா?"

"எதுவும் இல்லீங்க மாமா. சும்மா மாடுன்னு நெனைச்சுப் பாருங்க."

"சும்மா மாட்ட எவன்டா பாத்தான்?" என்றவர், மயிலையின் கொம்பில் தொடங்கி வால் வரை சொன்னார். எழுதிக்கொண்டேன்.

கூழ் கொண்டுவந்த அத்தை தாளை எட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, ரயிலேறிப் போயி இதத்தான் படிக்கறயா? எங்கிட்டக் கேட்டிருந்தா ஊட்டுலயே சொல்லியிருப்பனே." பிறகு, போன மாதம் விற்ற கிடாரியைப் பற்றி இரண்டு தாள் அளவுக்குப் பேசினார்.

ஒன்பது மணிக்குள் நான் மாடு வாங்க வந்திருப்பதாக ஊரில் பேச்சு. ஆட்கள் தாமாகவே தேடி வந்தார்கள்.

"ரெண்டாம் ஈத்துங்க. சுழி சுத்தம். ஒதைக்காதுங்க."

"நான் மாடு வாங்க வரலீங்க."

"வாங்கறவங்க எல்லாரும் மொதல்ல அப்படித்தானுங்க சொல்லுவாங்க."

ஒரு தரகர் தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, அதற்கடியில் என் விரல்களைப் பிடித்து விலை பேச ஆரம்பித்தார். கையை விடுவித்துக்கொள்ளச் சிறிது நேரம் ஆயிற்று. அதையும் நான் மறுத்ததாக எடுத்துக்கொள்ளாமல், விலை போதவில்லை என்பதாக எடுத்துக்கொண்டார். கேள்வியை விளக்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். விளக்கக் கூடாதே! மாலைக்குள் பத்துத் தாள்களும் நிறைந்தன. ஒன்றிலாவது வெறும் மாடு இல்லை.

திங்கட்கிழமை பேராசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். ஒவ்வொன்றின் குறுக்கேயும் சிவப்பு மையால் கோடிட்டார்.

"இவர்கள் தங்கள் மாடுகளைச் சொல்லியிருக்கிறார்கள். கேள்விக்கு விடை எங்கே?"

"அவர்கள் சொன்ன விடை இதுதான், சார்."

"கேட்டவர் கேட்டது சரியில்லை," என்று தாள்களைத் திருப்பித் தந்தார்.

எங்கள் தத்துவ வகுப்பில் ஐந்து பேர். அந்த மார்ச்சில் நான்கு பேர் பரீட்சை எழுதினார்கள்.