பச்சையம்மா கொண்டுவந்த லட்டு

ஹில்டா தாம்பரத்தில் ஒரு சட்ட உதவி மையத்தில் பதினோரு வருடமாக இருக்கிறார். அரசாங்கக் காகிதங்களைப் படித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று வருகிறவர்களுக்குச் சொல்வதுதான் வேலை. நாளுக்கு நாற்பது பேர். சாயங்காலம் தொண்டையில் ஒன்றும் மிச்சமிருக்காது.

அன்று மூன்று மணிக்கு, வீட்டுக்குப் பட்டா கேட்டிருந்த பீர்க்கன்கரணை பச்சையம்மா லட்டு டப்பாவோடு வந்தார்.

"எட்த்துக்கோக்கா. சீட்டுப் பணம் இப்பத்தான் வந்துச்சு. தெருவுக்கே குட்த்துட்டேன், உனக்குத்தான் பாக்கி."

"எதுக்கு ஸ்வீட்டு?"

"நீதானே போன்ல சொன்ன, மனு தள்ளுபடி ஆய்ட்ச்சின்னு! டிவியில கடன் தள்ளுபடின்னா ஜனம் பட்டாசு வெடிக்கிது. நான் லட்டோட வுட்டேன்."

ஹில்டாவின் கை நின்றுவிட்டது. ஆமாம், சொன்னார். போன மாதம் பிளாட்பாரத்தில், ரயில் வந்துகொண்டிருந்தபோது அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

"தபால்ல ஆர்டர் வந்துச்சா?"

பச்சையம்மா பையிலிருந்து கவரை எடுத்தார். மேலே மஞ்சள், குங்குமம். சாமி படத்துக்கு முன்னால் இருந்த கவர். பிரிக்கவே இல்லை.

அப்பீல் செய்ய முப்பது நாள். தபால் வந்த தேதியைக் கேட்டு ஹில்டா எண்ணிப் பார்த்தார். இன்று முப்பதாவது நாள்.

"பச்சையம்மா, ஆபீஸ்ல தள்ளுபடின்னா வேற. நீ கேட்டத குடுக்கலன்னு அர்த்தம். பட்டா இல்ல."

"அப்ப வூடு?"

"இன்னிக்கே அப்பீல் போடலன்னா பொறம்போக்குன்னு இடிக்க வந்துடுவாங்க."

பச்சையம்மா லட்டு டப்பாவையே பார்த்தார். "இல்லன்னு சொல்லியிருந்தா வாய் வலிச்சிருக்குமாக்கா?"

ஹில்டா பேனாவை எடுத்தார். வெள்ளைத்தாளை இழுத்தார். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "மேற்படி" என்று கை தானாக ஆரம்பித்தது, அடித்துவிட்டு எழுதினார்: "இருபத்தாறு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். பட்டா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி விசாரியுங்கள். அதுவரை வீட்டை இடிக்காதீர்கள்." வாசித்துக் காட்டினார்.

"இது பிரியிது," என்று பச்சையம்மா கையெழுத்துப் போட்டார்.

ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடந்து கோட்டாட்சியர் அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே கால். குமாஸ்தா தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா மேடம், ஊருக்கு லெட்டர் எழுதுற மாதிரி இருக்குது?"

"புரியுதா சார்?"

"புரியுது..."

"அப்ப சீல் போடுங்க."

போட்டார்.

வெளியே வந்ததும் பச்சையம்மா கேட்டார்: "ஜெயிச்ட்டோமாக்கா?"

"இல்லம்மா. மறுபடி கேட்டிருக்கோம். கூப்பிடுவாங்க, அப்ப வரணும். அவ்ளோதான்."

டப்பாவில் கடைசியாக இருந்த லட்டை பச்சையம்மா அவர் கையில் வைத்துவிட்டுப் போனார்.

ஸ்டேஷனில் ஹில்டா நோட்டைப் பிரித்தார். ஏகநாதன் என்பவருடைய மனுவும் அன்று நிராகரிக்கப்பட்டிருந்தது. போன் போட்டார். அவர் எடுத்தபோது ரயில் பிளாட்பாரத்துக்குள் வந்துகொண்டிருந்தது.

"சார், நீங்க கேட்டது கிடைக்கல. இல்லன்னுட்டாங்க. நான் சொன்னது புரிஞ்சுதா? நீங்களே ஒருவாட்டி சொல்லுங்க."

அவர் மெல்ல, திக்கித் திக்கிச் சொல்ல ஆரம்பித்தார். ரயில் கிளம்பிப் போனது. ஹில்டா பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.